மேல் அத்திக்காட்டுக்குத் தண்ணீர் திறக்க ஓர் ஆள்

அத்திக்காடு கடைத்தெரு
6.11.2023

ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி வெண்ணிலா மாதேஸ்வரன் அவர்களுக்கு, துணைத் தலைவர் பரிதா எழுதிக்கொள்வது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, இங்க கத்தாதீங்க" என்று ஒன்பது உறுப்பினர்கள் முன்னால் சொன்னீர்கள். எனவே எழுதுகிறேன். இனி எல்லாமே எழுத்தில்தான். போன் போட்டு சமாதானம் பேச வேண்டாம், எடுக்க மாட்டேன். மேலே உங்கள் ஊரில் சிக்னலும் கிடையாது, அந்தக் கவலையும் விட்டது. தபாலை நம் செயலர் பெருமாளே கொண்டுவந்து கொடுப்பார். இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் அஞ்சல்காரனாகிவிட்டேனே என்று அவர் புலம்புவது என் கடை வரைக்கும் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மேல் அத்திக்காட்டுக்கு மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்த வெள்ளையன் ஆடி மாதம் இறந்துபோனார். அவர் படுத்த படுக்கையான நாளிலிருந்து அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பது அவர் மனைவி ஆராயி. அந்த இடத்தில் ஆராயியைப் போடலாம் என்று நான் சொன்னால், ஆளே வேண்டாம், தானாக ஓடும் ஸ்டார்ட்டர் வாங்கிவிடலாம் என்கிறீர்கள். மோட்டாரை மெஷின் போடும். மூன்று தெரு வால்வையும் யார் திறப்பது? மெஷின் இறங்கி வந்து திறக்குமா?

தை மாதத்துக்குள் வேலை உறுதியாகவில்லை என்றால், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு இருவருமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகப்போவதாக ஆராயி என் கடையில் நின்று சொன்னாள். அந்தப் பெண் பத்தாவது படிக்கிறாள்.

ஸ்டார்ட்டருக்குப் பணம் எடுக்கத் துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். நான் போட மாட்டேன். காரணத்தை எழுத்தில் சொல்லவும்.

பின்குறிப்பு: ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளை ‘ங்க’ போட்டுப் பேசியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இதைக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

பரிதா


மேல் அத்திக்காடு
14.11.2023

துணைத் தலைவர் அவர்களுக்கு,

காரணம் கேட்டீர்கள். நீங்கள் கொண்டுவந்த தீர்மானம்தான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் ஆகியோரின் உறவினர்களுக்கு ஊராட்சியில் வேலையோ ஆர்டரோ தரக் கூடாது என்று முன்மொழிந்தது நீங்கள். ஒருமனதாக நிறைவேறியது. நானும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆராயி என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கை. வெள்ளையனை வேலைக்கு எடுத்தது எனக்கு முந்தைய தலைவர், அதனால் அப்போது பேச்சு வரவில்லை. இப்போது நான் ஆராயிக்கு ஆணை கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். மெஷினுக்கு அத்தையும் இல்லை, மாமனும் இல்லை. அதனால்தான் மெஷின்.

நாத்தனாருக்கு வேலை கொடுக்க எனக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறீர்களா? வீட்டில் என் கணவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தீபாவளிக்கு ஆராயி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன், தூக்கு அப்படியே திரும்பி வந்தது.

நீங்கள் கத்தியதும் உண்மை.

வெண்ணிலா


கடைத்தெரு
20.11.2023

வெண்ணிலா,

தலைவர் அவர்களே என்று எழுதக் கை வரவில்லை. கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

என் தீர்மானம் இப்படி உன் நாத்தனார் தலையில் விடியும் என்று நான் நினைக்கவே இல்லை. அது ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். தெருவிளக்குக்கும் குழாய்க்கும் ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையில்தான் சாமான் வாங்கினோம். அந்தச் சாமானில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என் மளிகைக் கடைக்கு வந்து பருப்பு வாங்குகிறவர்கள்கூட, "பைப்பு வித்த காசுல பருப்பு நல்லா இருக்குதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் அந்தத் தீர்மானம். நிறுத்தவும் செய்தது. அதை நான் லேசில் விட மாட்டேன்.

உறவு ஆகாது என்றால் உறவில்லாத ஆளைப் போடுவோம். உன் ஊரில் உனக்கோ மற்ற உறுப்பினர்களுக்கோ உறவில்லாதவர் யார் என்று நேற்று பெருமாளோடு உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல அவர், "அது தலைவருக்குப் பங்காளிங்க", "அது நம்ம மெம்பர் குப்பாயம்மாவுக்குச் சம்பந்திங்க", "அந்த ஊட்டுப் பொண்ணைத்தான் நாலாவது வார்டுக்குக் குடுத்திருக்குதுங்க" என்று அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஊரே தீர்ந்துவிட்டது. மலையில் நூறு வருஷமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊரில் போய் உறவு கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். எழுதியபோது என் மண்டையில் எங்கள் கடை ஒன்றுதான் இருந்தது.

கீழே இருந்து சரவணன் என்ற பையனைப் போட்டுப் பார்ப்போம். வாழவந்திப் பக்கத்து ஆள், யாருக்கும் உறவில்லை, பைக் வைத்திருக்கிறான். தற்காலிகமாகத்தான். ஆராயிக்கு அதற்குள் ஏதாவது வழி செய்வோம்.

பரிதா


மேல் அத்திக்காடு
8.12.2023

பரிதா,

சரவணனைப் போட்டாகிவிட்டது. ஆராயி மோட்டார் ரூம் சாவியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். கையில்கூடத் தரவில்லை. "ஆராயி, கொஞ்சம் உக்காரு" என்றேன். "எஸ்டேட் ஜீப்புக்கு நேரமாச்சுங்க தலைவரே" என்றாள். காபிப் பழம் பறிக்கப் போகிறாள். பழம் தீரும் வரைக்கும்தான் அந்த வேலையும்.

சரவணன் நல்ல பையன்தான். ஆனால் மூடுபனியில் வளைவுகளில் பைக் ஓட்டப் பயப்படுகிறான். பனி விலகி அவன் வந்து சேர்வதற்குள் இங்கே எல்லோரும் எஸ்டேட் ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறார்கள். பிறகு அவன் தண்ணீர் விட, பிடிக்க ஆள் இல்லாத வீடுகளில் குழாய் பாட்டுக்கு ஓடுகிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பழம் பறிக்கும் காலத்தில் வெள்ளையனும் சரி, ஆராயியும் சரி, விடிவதற்கு முன்பே தண்ணீர் விட்டுவிடுவார்கள். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்ததில்லை.

நேற்று குப்பாயம்மா முன்னால் நிற்க, பொம்பளைகள் என்னை மறித்துக்கொண்டார்கள். அவரும் உறுப்பினர்தான் என்பதை அந்த நேரத்துக்கு மறந்துவிட்டார். "ஏனுங்க தலைவரே, பழம் பறிச்ச பிசுபிசுப்போட படுத்துத் தூங்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

இதை உன் குற்றம் என்று எழுதவில்லை. வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெண்ணிலா


கடைத்தெரு
27.12.2023

வெண்ணிலா,

முதலில் சண்டை. நேற்றைய கூட்டத்துக்கு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத் தாமதமாக வந்தாய். வந்து பொங்கல் துப்புரவுப் பணி பற்றிப் பேசும்போதே கண்ணயர்ந்துவிட்டாய். ஒன்றாவது வார்டு தனபால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நாம் இருவரும் தகராறில் இருப்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் ஒன்றும் சிரிக்கவில்லை, மேஜையைத் தட்டி உன்னை எழுப்பினேன்.

இரண்டாவது, சரவணன். அவன் வேலையை விட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதாமே. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போய்விட்டானாம், அங்கே கூலி அதிகம். என் கடைக்கு வந்து அவனே சொன்னான், வெட்கமே இல்லை. நாம் ஆள் போட்டது பழம் பறிக்கும் சீசனில் என்பதையாவது யோசித்திருக்க வேண்டும். இந்த மலையில் கார்த்திகை மாதம் ஆள் தேடுகிறவனைப் போல முட்டாள் கிடையாது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே அதைச் செய்திருக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. சரவணனும் இல்லை. ஆராயி, "இனி சும்மா தொறக்க மாட்டேனுங்க, என் மானம் என்னாவறது" என்று என்னிடமே சொல்லிவிட்டாள். ஆனால் உன் ஊர்க்காரர்கள் தண்ணீர் சரியான நேரத்துக்கு வருகிறது என்கிறார்கள். பெருமாளுக்கும் தெரியவில்லை. யார் திறப்பது?

பரிதா


மேல் அத்திக்காடு
3.1.2024

பரிதா,

நான்தான் திறக்கிறேன்.

வேறு யாரையும் போட முடியாது, உன் தீர்மானம் இருக்கிறது. தலைவர் தானே திறப்பதைத் தடுக்க எந்தத் தீர்மானமும் இல்லை. இருட்டோடு எழுந்து போகிறேன். மோட்டார் போடுவது சுலபம். நீ சொன்னதுபோல வால்வுதான் உயிரை எடுக்கிறது. கோயில் தெரு வால்வு பனியில் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. முதல் நாள் திறக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஒரு சாக்கைச் சுற்றித் திருகப் பழகிக்கொண்டேன். கூட்டத்தில் தூங்கியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

ஆராயிக்குத் தெரியும். வால்வு அவள் வீட்டு வேலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் நாள் கதவைத் திறந்து பார்த்தாள், அழுதுகொண்டிருப்பது நான் என்று தெரிந்ததும் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். புருஷன் படுத்துக்கிடந்தபோதும் இந்த வால்வைத் திறந்தவள் அவள். புருஷன் செத்த பிறகும் திறந்தவள். நாங்கள் அவளிடம், நீ வேண்டாம், மெஷின் போதும் என்றோம். நானாக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன்.

நேற்று கோயில் தெருவில் ஒரு வீட்டில் சாவு. அங்கே கூடுதல் நேரம் தண்ணீர் விட்டேன். அப்போதுதான் அந்த மெஷின் ஆசை எனக்கு முழுசாகப் போனது. சாவு வீடு எதுவென்று அதற்கு யார் சொல்வது?

ஆராயி மகளின் பள்ளிச் சான்றிதழ் வாங்கப் போகிறாளாம், என் கணவர் சொன்னார். முழுப் பரீட்சைக்குக்கூட நிற்க மாட்டாளாம். பழம் பறிப்பு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள்.

பரிதா, அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடு. நான் எடுத்தால் நாத்தனாருக்காகச் செய்தேன் என்பார்கள், அதில் பொய்யும் இல்லை. கொண்டுவந்தவள் நீ. நீதான் எடுக்க முடியும்.

வெண்ணிலா


கடைத்தெரு
12.1.2024

வெண்ணிலா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுத உட்காருவேன், கடைக்கு யாராவது வருவார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று எழுந்துவிடுவேன்.

சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தீர்மானத்தை எடுத்தால் பழைய சிரிப்பு திரும்ப வரும். உன் நாத்தனாருக்கு வேலை என்பது சாக்கு, புருஷன் கடைக்குக் கதவு திறக்கத்தான் பரிதா இதைச் செய்தாள் என்பார்கள். உனக்கு ஒரு நாத்தனார், எனக்குக் கடைத்தெரு முழுக்க வாய்கள்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாதிக் பாஷாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வார்த்தை பேச ஒரு கவளம் எடுத்துக்கொள்வார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஊராட்சி ஆர்டர் இல்லாம ரெண்டு வருசம் கடை நடந்துச்சில்ல? இன்னும் நடக்கும். எங்கடை பேரை அந்தத் தீர்மானத்துல நீயே எழுதிப்போடு, இங்க வாங்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணை எதுக்குப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்கறீங்க?" என்றார். இதைக் கேட்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே இப்படிச் செய்வோம். வேலைக்கு உறவினர் வரலாம். ஆனால் உறவு உள்ளவர் கூட்டத்திலேயே அதை எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டு, அந்த விஷயம் முடியும்வரை வெளியே போய்விட வேண்டும். கொள்முதலுக்குப் பழைய விதி பழையபடியே இருக்கும், எங்கள் கடை பெயரோடு.

இருபத்திரண்டாம் தேதி கூட்டம் வை. விதி மாற்றத்தை நான் எடுத்ததுமே நீ எழுந்து வெளியே போ, அதுவும் ஆராயிக்காகத்தானே. உன் நாற்காலியில் நான் உட்காருகிறேன். யாரிடமும் முன்கூட்டி ஓட்டுக் கேட்காதே, உன் கணவரிடம்கூடப் பேசாதே. ஆராயியிடம் ஒரு வார்த்தை கூடாது. தோற்றால் தோற்றதுதான்.

பொங்கலுக்கு வர மாட்டேன். நாம் பேசி வைத்துச் செய்ததாகிவிடும்.

பரிதா


கடைத்தெரு
23.1.2024

வெண்ணிலா,

எங்கே போய்த் தொலைந்தாய்? முடிந்ததும் உன்னைக் கூப்பிட வெளியே வந்தால் மனுக்காரர்கள் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது. கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நீ வெளியே போனதும், முதலில் விதி மாற்றம். நான் படித்ததும் தனபால் எழுந்தார். "அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சுங்களா?" என்றார்.

"ஆமாங்க. அன்னிக்கு என் கடையை மட்டும் பாத்தேன், ஊரைப் பாக்கலீங்க" என்றேன்.

"அப்ப சாதிக் பாய் கடைக்குக் கதவு தொறந்தாச்சு?"

நான் இரண்டாம் பகுதியைப் படித்தேன், கடை பெயர் உள்ள இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே. அவர் உட்கார்ந்துவிட்டார். குப்பாயம்மா மட்டும், "ஒறவில்லாத ஆளுக்குத்தான் வேலைன்னா எங்கூர்ல மரத்துக்குத்தானுங்க குடுக்கோணும்" என்றார். அவர் சொன்னதையும் குறிப்பில் எழுதட்டுமா என்று பெருமாள் கேட்டார். எழுதச் சொன்னேன். மாற்றம் நிறைவேறியது. தனபால் மட்டும் எதிர்த்தார்.

அடுத்து ஆராயி. ஆராயிக்கு உறவுள்ளவர்கள் புதிய விதிப்படி வெளியே போகலாம் என்று சொன்னதுதான் தாமதம், நாற்காலிகள் கிறீச்சிட்டன. குப்பாயம்மா எழுந்தார், நாலாவது வார்டு எழுந்தது, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். என்னையும் சேர்த்து மிஞ்சியது நாலே பேர். பெருமாள் பயந்துபோய்க் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணினார். இருந்தது. அதில் ஒருவர் தனபால். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவரோ, "எனக்கு உங்க விதி மேலதானுங்க வருத்தம். அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்லீங்க. தண்ணி விட்டுச்சு, சம்பளம் வாங்கல. போடுங்க" என்றார். நாலு பேரும் கை தூக்கினோம்.

ஆணையில் நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று பெருமாள் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவரப் போயிருக்கிறார். செல்லும் என்று வந்ததும் போட்டு அனுப்புகிறேன். அதுவரை நீ யாரிடமும் சொல்லிவிடாதே. முக்கியமாக அவளிடம்.

உன் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது. நாலு வருஷமாக அதில் எப்படி உட்கார்ந்தாய்?

பரிதா


மேல் அத்திக்காடு
9.2.2024

பரிதா,

அன்று நான் ஓடிப்போனதற்குக் காரணம் அந்த பெஞ்சு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், கதவைப் பார்த்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று எனக்கு அதுவரை தெரியாது. நமக்காகக் கை தூக்கக்கூடிய குப்பாயம்மாவும் மற்றவர்களும் வெளியே வந்ததைப் பார்த்ததும் தோற்றுவிட்டோம் என்றே முடிவு செய்துவிட்டேன். யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை, பஸ் ஏறிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகும், ஆணை வரும் வரை, தினமும் போய் வால்வைத் திறந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் ஆராயி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோலக் கஷ்டம் வேறில்லை.

நேற்றுக் காலை பெருமாள் ஆணையைக் கொண்டுபோய் ஆராயி கையில் கொடுத்துவிட்டார். மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளையன் காரியம் முடிந்த பிறகு அவள் இந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. முகத்தில் சிரிப்பு இல்லை. மகளைப் படிக்க வைத்திருந்தாள் போலிருக்கிறது, தாளில் எங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விரலை வைத்துக் காட்டினாள்.

"இதுல உங்க கையெழுத்து எங்கீங்க?"

"இல்ல. பரிதா போட்டது."

"நீங்க எனக்காகப் பேசுனீங்களா?"

"இல்ல ஆராயி. உம் பேரு வர்றதுக்கு முந்தியே என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. என்ன பேசுனாங்கன்னே எனக்குத் தெரியாது."

"தனபால் அண்ணன் கை தூக்குச்சாமே?"

"தூக்குச்சாம்."

"அப்ப இது உங்க புண்ணியத்துல வந்தது இல்ல."

"இல்ல."

"எங்க அண்ணங்கிட்டயும் நான் கடன்படல."

"இல்ல. உங்க அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, உன்னிடம் மறைக்கவில்லை. தினமும் இருட்டில் எழுந்தது அவளுக்காகவும்தான் என்றாவது சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவள் மானத்தோடு நிற்கும் இடத்தில் நான் போய் என் பங்கைக் கேட்கக் கூடாது.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மோட்டார் ரூம் சாவிக்குக் கையை நீட்டினாள். இந்த முறை அவள் கையிலேயே கொடுத்தேன். பிறகு நேராக அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, பசிக்குது. சோறு இருந்தா போடுங்க" என்றாள்.

சாமைச் சோறும் அவரைக் குழம்பும்தான் இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெண்ணிலா